ஐந்து நிமிடப் பெட்டியும் ஐந்து நாள் இருளும்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது எமது முதியோர் வாக்கு. ஆனால் எந்தத் துரும்பு பல் குத்த உதவும், எந்தத் துரும்பு ஈறைக் கிழிக்கும் என்று தெரிந்திருப்பதும் அறிவின் பாற்பட்டதே. அலுவலகங்களும் வீடுகளும் கழித்துவிடும் கணினித் துணை மின்வழங்கிகளைப் பற்றி, அதாவது நாம் எல்லோரும் 'யூபிஎஸ்' என்று அழைக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிகளைப் பற்றி, எம்மவரிடையே நடக்கும் பேச்சுக்களைக் கேட்கும்போதெல்லாம் இந்த எண்ணமே எழுகின்றது. "அதை எடுத்து ஒரு பெரிய பற்றரி பூட்டினால் வீடு முழுவதும் ஓடும்" என்பார் ஒருவர். "குப்பையை ஏன் வீட்டுக்குள் கொண்டு வருகிறீர்கள்" என்பார் அவரது பிள்ளை. இருவரிடமும் பாதி உண்மை இருக்கின்றது. மறுபாதியைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வோபர்னில் ஐந்து நாட்கள்

2013 டிசம்பர் 21 இரவு தொடங்கிய பனிக்கட்டி மழை, மறுநாள் விடிவதற்குள் ரொறன்ரோ நகரின் மரங்களை எல்லாம் கண்ணாடி உறை போர்த்தி முறித்துப் போட்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. முதிர்ந்த மரங்கள் நிறைந்த ஸ்காபரோ மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. வோபர்னில், எல்ஸ்மியர் வீதிக்கும் லோறன்ஸ் அவெனியூவுக்கும் இடைப்பட்ட எமது தெருவில், டிசம்பர் 22 அதிகாலை போன மின்சாரம் 26 ஆம் திகதி மாலைதான் திரும்பியது. நகரில் சிலருக்கு ஒரு வாரத்திற்கு மேலும் சென்றது. நத்தார் நாளை நாம் போர்வைகளுக்குள் கழித்தோம்.

அது முதல் அனுபவமுமல்ல, கடைசி அனுபவமுமல்ல. 2003 ஆகஸ்ட் 14 பிற்பகல் 4.10 அளவில் ஒஹாயோ மாநிலத்தில் மரக்கிளைகளில் உரசிய மின்கம்பிகளிலிருந்து தொடங்கிய தொடர் முறிவு, அமெரிக்காவிலும் ஒன்ராறியோவிலும் ஏறத்தாழ ஐந்து கோடி மக்களை இருளில் ஆழ்த்தியது. 2013 யூலை 8 இல் பெருமழை வெள்ளம் நகரின் ஒரு பகுதியை இருளாக்கியது. 2022 மே 21 இல் கடும் புயல் ஒன்று ஒன்ராறியோவையும் கியூபெக்கையும் ஊடறுத்துச் சென்றது. வளர்ந்த நாடு, இங்கே மின்சாரம் போகாது என்று எண்ணி வந்தோம். அந்த எண்ணம் தவறு என்பது இப்போது கண்கூடு.

ஊரில் கற்ற பாடம்

இருளோடு வாழ்வது எமக்குப் புதிதல்ல. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாடு நாட்டின் மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. மீண்டும் அது இணைக்கப்பட்டது 2013 இல். குடாநாட்டுக்கு மின்வலையமைப்பு திரும்பிய அதே ஆண்டில் நாம் ஸ்காபரோவில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தோம் என்பது காலத்தின் விளையாட்டு.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தட்டுப்பாடு. அப்போது மக்கள் என்ன செய்தார்கள் என்பதை இன்று நாற்பது வயதைத் தாண்டிய எவரும் சொல்வர். ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சில் திரி திரித்து, அந்தச் சிறு சுடரில் பரீட்சைக்குப் படித்தோம். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். பெற்றோலைச் சூப்பிப் போத்தலில் வைத்து உந்துருளியைக் கிளப்பி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். தீர்ந்துபோன பற்றரிகளை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு செய்தி அறிக்கைக்குப் போதுமான உயிரை அவற்றிலிருந்து பிழிந்தெடுத்தோம்.

அந்த டைனமோ தந்தது 6 வோல்ற்று, 3 வாற்று. வெறும் மூன்று வாற்று! அதில் வீட்டை ஓட்ட எவரும் முயலவில்லை. செய்தி கேட்க எவ்வளவு வேண்டும் என்று அறிந்து, அவ்வளவுக்கே பயன்படுத்தினர். ஊர் எமக்குக் கற்பித்தது 'எதையும் எதிலும் பூட்டலாம்' என்ற துணிச்சலை மட்டுமல்ல. அளவறிந்து வாழும் கணக்கையும்தான். புலம்பெயர்ந்த பின் எம்மிற் பலர் துணிச்சலை வைத்துக்கொண்டு கணக்கை மறந்துவிட்டோம். இதற்கு நானே சாட்சி.

நான் செய்த தவறு

2013 இன் அந்த இருளில், மூன்றாம் நாள் மாலை, எமது பேஸ்மன்றில் கிடந்த பழைய யூபிஎஸ் ஒன்று நினைவுக்கு வந்தது. வேலைத்தலத்தில் கழித்துவிட்டதை நான் எடுத்து வந்து வைத்திருந்தேன். அதனுள் இருந்த பற்றரி இறந்து பல காலம். வாகனத்தின் பற்றரியைக் கழற்றி வந்து, கம்பிகளால் அதனோடு இணைத்தேன். பெட்டி உயிர்பெற்றது. அம்மாவின் அறைக்கு விளக்கு, கூடத்தில் தொலைக்காட்சி. பிள்ளைகள் கைதட்டினர். யாழ்ப்பாணத்து மூளை என்று நானும் நெஞ்சை நிமிர்த்தினேன்.

முக்கால் மணி நேரம் கழிந்திருக்கும். பிளாஸ்ரிக் கருகும் மணம் எழுந்தது. பெட்டியைத் தொட முடியாத சூடு. அப்போது பத்தாம் வகுப்பிற் படித்த என் மகள்தான் ஓடிச்சென்று கம்பியைக் கழற்றினாள். பின்பு, கோபமின்றி, ஆனால் தெளிவாகச் சொன்னாள்:

"அப்பா, இது அஞ்சு நிமிசத்துக்குச் செய்த சாமான். நாங்கள் அஞ்சு மணித்தியாலம் வேலை வாங்கப் பாக்கிறம்."

மறுநாள் காலை வாகனமும் கிளம்பவில்லை. அதன் பற்றரியை நான் உறிஞ்சித் தீர்த்திருந்தேன். அம்மாவை உறவினர் வீட்டுக்கு ஏற்றிச்செல்ல வேண்டிய நாளில் வாகனமில்லாமல் நின்றோம். நல்ல வேளையாக அயலவர் ஒருவர் உதவினார். வீடு எரியாமல் தப்பியது பிள்ளையின் மூக்கினால், என் அறிவினாலல்ல.

பெட்டிக்குள் என்ன இருக்கின்றது

என் மகள் சொன்ன ஒரு வசனத்தில் முழுப் பொறியியலும் அடங்கியிருந்தது. சிறிய யூபிஎஸ் ஒன்றின் வேலை, மின்சாரம் போனதும் கணினியைப் பாதுகாப்பாக நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் தருவது. அதனுள் பெரும்பாலும் 12 வோல்ற்று, 7 அல்லது 9 அம்பியர்-மணி கொண்ட அடைக்கப்பட்ட ஈய-அமிலப் பற்றரி ஒன்று இருக்கும். பற்றரியின் நேரோட்டத்தை 120 வோல்ற்று ஆடலோட்டமாக மாற்ற ஒரு நிலைமாற்றியும் சில இலத்திரனியற் பாகங்களும் உண்டு. சில நிமிடங்களில் பற்றரி தீர்ந்துவிடும் என்று தெரிந்தே, அந்தச் சில நிமிடச் சூட்டைத் தாங்கும் அளவிற்கு மட்டும் அப்பாகங்களைச் செய்கின்றனர். விசிறிகூட இராது. பெரிய பற்றரியைப் பூட்டும்போது நாம் எரிபொருளைக் கூட்டுகிறோமே தவிர இயந்திரத்தைப் பலப்படுத்தவில்லை.

பெட்டிகள் குப்பைக்குப் போவதற்குக் காரணமும் எளியது. இப்பற்றரிகள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தளர்ந்துவிடும். பற்றரி மட்டுமே பழுது. பெட்டி பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். ஆனால் புதிய பெட்டி மலிவு, பழையதைத் திறக்க எவருக்கும் நேரமில்லை. எனவே முழுவதும் கழிக்கப்படுகின்றது. இங்கேதான் எமக்கு ஒரு நியாயமான வாய்ப்பு இருக்கின்றது. அதே அளவு, அதே வகைப் புதிய பற்றரி ஒன்றை வாங்கி மாற்றினால், பெட்டி தனக்கென வகுக்கப்பட்ட வேலையை இன்னும் பல ஆண்டுகள் செய்யும்.

கணக்கைப் பார்ப்போம்

பற்றரியின் வோல்ற்றை அம்பியர்-மணியாற் பெருக்கினால் வாற்று-மணி கிடைக்கும். 12 ஐ 7 ஆற் பெருக்கினால் 84. இது காகிதக் கணக்கு. பற்றரியை வேகமாக இறக்கினால் அவ்வளவும் கிடைக்காது. அத்தோடு யூபிஎஸ் பெட்டியே தன்னை இயக்குவதற்கு 15, 20 வாற்று வரை எடுத்துக்கொள்ளும். இணைய மோடத்திற்கு 12 வாற்று, ஒரு எல்ஈடி விளக்கிற்கு 7 வாற்று என்று கொண்டால், பெட்டியின் செலவோடு மொத்தம் ஏறத்தாழ 40 வாற்று. சிறிய பெட்டி ஒன்று இதனை ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். அலுவலகங்களிற் கழிக்கப்படும் சற்றுப் பெரிய, இரண்டு 9 அம்பியர்-மணிப் பற்றரிகள் கொண்ட பெட்டி மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும்.

இதற்குமேல் வேண்டுமெனில், அடிக்கடி ஆழமாக இறக்கி ஏற்றக்கூடிய 'டீப் சைக்கிள்' வகைப் பற்றரி வேண்டும். வாகனப் பற்றரி அதற்குரியதல்ல. சில நொடிகள் பெருமின் தந்து இயந்திரத்தைக் கிளப்புவதற்காக மெல்லிய தகடுகளோடு செய்யப்பட்டது அது. ஆழமாக இறக்கினால் விரைவிற் சாகும். 100 அம்பியர்-மணி டீப் சைக்கிள் பற்றரியில் 1,200 வாற்று-மணி உண்டு. அதன் ஆயுளைக் காக்கப் பாதியையே பயன்படுத்துவோம்: 600. மாற்றும் இழப்புப் போக ஏறத்தாழ 500. மூன்று எல்ஈடி விளக்குகள், ஒரு மோடம், மாற்றியின் சொந்தச் செலவு சேர்த்து 45 வாற்று என்றால் 11 மணி நேரம். ஒரு குளிர்கால இரவைக் கடக்க அது போதும்.

ஆனால் அப்பற்றரியைச் சிறிய யூபிஎஸ்சோடு பூட்டி ஏற்ற முயன்றால் என்னாகும்? சிறிய பெட்டியின் மின்னேற்றி அரை அம்பியர் அளவே தரும் என்று வையுங்கள். இறங்கிய 50 அம்பியர்-மணியை மீட்க 100 மணி நேரம், அதாவது நான்கு நாட்களுக்கு மேல். எனவே தனியான, தகுந்த மின்னேற்றி வேண்டும். வெயிலிலிருந்து ஏற்ற விரும்புவோருக்கும் இதுவே விடை: சூரியத் தகட்டை யூபிஎஸ்சுக்குள் நேரே இணைக்க இயலாது, இடையே மின்னேற்றக் கட்டுப்படுத்தி தேவை. டிசம்பர் மாத ரொறன்ரோ வெயிலில் 100 வாற்றுத் தகடு ஒன்று நாளொன்றுக்குத் தருவது மிகச் சொற்பம். அத்தோடு பல யூபிஎஸ் பெட்டிகள் சுவரில் மின்சாரம் இல்லாதபோது முதலிற் கிளம்பவே மாட்டா. சுவர் மின்னை நம்பிப் பிறந்த பொருளை, சுவர் மின்னே இல்லாத வாழ்விற்கு முழுமையாக மாற்ற முயல்வது வீண்பாடு.

கைத்தொலைபேசிக்கு மின்னேற்றவும் விளக்கெரிக்கவும் ஆடலோட்டமே தேவையில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். வாகனங்களிற் பயன்படுத்தும் யூஎஸ்பி முனையும் 12 வோல்ற்று எல்ஈடி விளக்கும் பற்றரியிலிருந்து நேரடியாக இயங்கும். 12 ஐ 120 ஆக்கி, பின்பு 120 ஐ 5 ஆக்கும் வீண் சுற்று இல்லை.

எதற்குப் பயன்படுத்த வேண்டும்

என் கருத்தை இங்கே தெளிவாகக் கூறிவிடுகிறேன். மீட்டெடுத்த யூபிஎஸ்சினால் வீட்டை ஓட்ட இயலாது. ஓட்ட முயலவும் கூடாது. ஆனால் ஓர் உயிரைக் காக்க அது போதும்.

எமது முதியோர் பலரின் வீட்டுத் தொலைபேசி இன்று இணையத்தின் வழியே இயங்குகின்றது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசி, நிலையத்திலிருந்தே மின்னைப் பெற்றுக்கொண்டதால் மின்தடையிலும் பேசியது. இணையத் தொலைபேசி அப்படியல்ல. மோடம் அணைந்த கணமே அது ஊமை. மார்க்கம் வீதியை அண்டிய அடுக்குமாடியில் தனித்திருக்கும் ஒரு மூதாட்டி, கைத்தொலைபேசியை இயக்கத் தெரியாதவர், நெஞ்சு நோவென்றால் 911 ஐ எப்படி அழைப்பார்? சென்ரனரி மருத்துவமனை சில நிமிடத் தூரத்தில் இருந்தும் பயனென்ன? மோடத்திற்கும் தொலைபேசிக்கும் ஒரு யூபிஎஸ், கட்டிலருகே ஒரு எல்ஈடி விளக்கு. மின் வழங்கலில் ஊரெங்கும் நீண்ட தடை ஏற்பட்டால் இணைய வழங்குநரின் கருவிகளும் ஓயலாம் என்பது உண்மையே. ஆயினும் கட்டடத்தோடு நிற்கும் தடைகளிலும், நீண்ட தடைகளின் முதல் மணிகளிலும் அந்த இணைப்பு உயிரோடிருக்கும் வாய்ப்பு மிகப் பெரிது. குப்பைக்குப் போகும் பெட்டி செய்யக்கூடிய மிகச் சிறந்த தொண்டு இதுவே.

எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் முக்கியம். எமது வீடுகளின் வெப்பமூட்டிகள் எரிவாயுவில் எரிந்தாலும், சூட்டுக் காற்றை வீடெங்கும் தள்ளும் விசிறி மின்சாரத்திலேயே சுழல்கின்றது. அதனாலேயே 2013 இல் எரிவாயு இருந்தும் குளிரில் நடுங்கினோம். அவ்விசிறி 400 முதல் 600 வாற்று வரை எடுக்கும்; நாளில் மூன்றிலொரு பங்கு நேரம் ஓடினாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,000 வாற்று-மணி. 84 எங்கே, 4,000 எங்கே! வெப்பமூட்டிக்கு மாற்று மின் வேண்டுவோர், அனுமதி பெற்ற மின்வல்லுநரைக் கொண்டு மாற்று ஆளியோடு கூடிய முறையான ஏற்பாடு செய்வதே வழி. குளிர்சாதனப் பெட்டி, மின்னடுப்பு, மின் சூடாக்கி ஆகியவற்றை யூபிஎஸ்சோடு எண்ணிப்பார்க்கவே வேண்டாம். உயிர்காக்கும் மருத்துவக் கருவிகளை மீட்டெடுத்த பெட்டியை நம்பி விடுவதும் தகாது.

தவறக்கூடாத விதிகள்

சில மலிவான யூபிஎஸ் பெட்டிகளில் பற்றரி முனைகள் வீட்டு மின்னிலிருந்து தனிமைப்படுத்தப்பட்டிருப்பதில்லை. சுவரிற் செருகியிருக்கும்போது 12 வோல்ற்றுத்தானே என்று தொட்டவரை 120 வோல்ற்று தாக்கும். சுவரிலிருந்து கழற்றாமல் எந்தப் பெட்டியையும் திறக்கக் கூடாது.

வெளிப் பற்றரி பூட்ட விரும்பினால், தயாரித்தவரே அதற்கென முனை வைத்த, விசிறியுள்ள இயந்திரத்தையே தேட வேண்டும். நானாகத் துளையிட்டுக் கம்பி இழுத்த அனுபவம் போதும். பற்றரியின் முனைக்கு மிக அருகில் தகுந்த உருகி ஒன்று இருக்க வேண்டும். பற்றரி சிறிதாயினும் குறுஞ்சுற்று ஏற்பட்டால் கம்பியைச் சிவக்கக் காய்ச்சும் வலிமை அதற்கு உண்டு.

அமிலம் ஊற்றும் வகைப் பற்றரிகள் மின்னேறும்போது ஐதரசன் வாயுவை வெளிவிடும். காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே அது வெடிக்கும். படுக்கையறையிலும் காற்றோட்டமற்ற அலுமாரியிலும் அவற்றை வைக்கக் கூடாது. ஈய-அமிலப் பற்றரிக்கென அமைந்த மின்னேற்றியில் இலித்தியப் பற்றரியைப் பூட்டுவது தீயை அழைப்பதற்குச் சமன்.

எந்த மாற்று மின்னையும் இருமுனை ஆண் செருகிக் கம்பியால் சுவர்த் துளையினுள் செலுத்தக் கூடாது. அது வீட்டைத் தாண்டி வெளிக்கம்பிக்குப் பாய்ந்து, அதனைத் திருத்த ஏறிய தொழிலாளியைக் கொல்லும். ஒன்ராறியோவில் வீட்டின் நிலையான மின்னமைப்பிற் கைவைப்பதற்கு மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

மின்பிறப்பாக்கி வைத்திருப்போருக்கும் ஒரு சொல். 2013 பனிக்கட்டிப் புயலில், ரொறன்ரோவுக்குக் கிழக்கேயுள்ள நியூகாசிலில், கராஜினுள் மின்பிறப்பாக்கியை இயக்கியதால் காபனோரொட்சைட்டு வாயு பரவி இருவர் இறந்தனர். கரியடுப்பை வீட்டினுள் மூட்டியவர்களும் அந்நாட்களில் மருத்துவமனைக்குச் சென்றனர். பற்றரியின் பெருஞ்சிறப்பு அது புகை கக்குவதில்லை என்பதே. அதற்காகவேனும் அதன் சிறு கணக்கைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஊருக்கு அனுப்புவோம் என்போருக்கு

இக்கருத்தை நண்பர்களோடு பகிர்ந்தபோது, "இவற்றைச் சேர்த்து ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினால் என்ன" என்று கேட்டவர்கள் உண்டு. நல்ல மனம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின் வெட்டப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாட்டையே இருளாக்கியதையும் சிரித்துக்கொண்டே கேட்டோம். தேவை இருக்கின்றது என்பதில் ஐயமில்லை.

ஆனால் கனடாவின் மின்சாரம் 120 வோல்ற்று, 60 ஹேட்ஸ். இலங்கையினது 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ். இங்கு வாங்கிய சாதாரண யூபிஎஸ் அங்கே சுவரிற் செருகிய கணமே கருகும். அது உதவியல்ல, கொள்கலன் கட்டணம் செலுத்தி அனுப்பிய குப்பை. பயன்படுத்திய ஈய-அமிலப் பற்றரிகளோ அதனினும் தீது. ஆபத்தான கழிவுகளை நாடு கடத்துவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989 இல் உருவாகி 1992 இல் நடைமுறைக்கு வந்தது. கழிவான ஈயப் பற்றரிகள் அதனுள் அடங்கும். அதன் காரணத்தை அறிய செனகல் நாட்டைப் பார்க்கலாம். தலைநகர் டக்காரை அண்டிய தியாறோய் என்ற இடத்தில் பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்தனர். 2007 இறுதிக்கும் 2008 தொடக்கத்திற்கும் இடையில் 18 குழந்தைகள் ஈய நஞ்சால் இறந்தன. குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பான ஈய அளவென்று ஒன்று அறியப்படவில்லை. எமது ஊர்க் குழந்தைகளின் முற்றத்தில் அந்த நஞ்சைக் கொண்டுபோய் இறக்குவதா எமது அன்பு?

ஊருக்கு உதவ விரும்பினால் பணத்தை அனுப்புங்கள்; அங்கேயே, அந்த மின்னழுத்தத்திற்குரிய பொருளை, அங்குள்ள கடையில், அங்குள்ள தொழிலாளியிடம் வாங்கட்டும். இங்குள்ள இறந்த பற்றரிகளை மாநகராட்சியின் கழிவு ஒப்படைப்பு நிலையங்களிற் சேருங்கள். ஈயம் மீண்டும் உருக்கப்பட்டுப் புதிய பற்றரியாகும். வீதியோரக் குப்பைப் பெட்டி அதற்குரிய இடமன்று.

"கடையில் வாங்கலாமே" என்போருக்கு

இளையோர் கேட்பது நியாயமான கேள்வி. இலித்தியப் பற்றரியும் மாற்றியும் மின்னேற்றியும் ஒன்றாய் அடங்கிய பெட்டிகள் இன்று கடைகளிற் கிடைக்கின்றன. வசதியுள்ளவர்கள், சீஎஸ்ஏ போன்ற கனடிய அங்கீகாரக் குறி உள்ள ஒன்றை வாங்குவதை நான் தடுக்கவில்லை. பலருக்கு அதுவே பாதுகாப்பானது. ஆனால் வோபர்னின் அடுக்குமாடிகளில் மாத வாடகைக்கே இரண்டு வேலை செய்யும் குடும்பங்கள் எத்தனை! அவர்களுக்கு ஒரு புதிய சிறு பற்றரியின் விலையில் ஒரு மூதாட்டியின் தொலைபேசியை உயிரோடு வைத்திருக்க இயலுமெனில், அதனை ஏளனம் செய்யலாகாது.

அதேவேளை தனிமனித முயற்சியோடு நின்றுவிடவும் கூடாது. மின்சாரம் போனால் உயர்ந்த மாடிகளுக்கு நீரேற்றும் பம்பி நிற்கும், மின்தூக்கி நிற்கும். எந்த யூபிஎஸ்சும் அவற்றை இயக்காது. 2016 இல் ரொறன்ரோ மாநகராட்சி அடுக்குமாடிகளுக்கான மாற்று மின் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. மின்தூக்கி, நீர், குடியிருப்போர் கூடுவதற்கு ஒரு சூடான பொது அறை ஆகியவற்றுக்கு 72 மணி நேர மின் இருக்க வேண்டும் என அது பரிந்துரைக்கின்றது. ஆனால் அது கட்டாயமன்று. உங்கள் கட்டட நிருவாகத்திடம் இதனைப் பற்றிக் கேட்டதுண்டா? குடியிருப்போர் கூட்டத்தில் ஒருவராவது எழுப்பியதுண்டா? வாக்குக் கேட்டு வரும் மாநகர உறுப்பினரிடம் கேட்கலாமே.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

அந்த டிசம்பருக்குப் பின் என் மகளும் நானும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து வேறொரு பழைய பெட்டியைத் திறந்தோம். அவள் கணக்குப் போட்டாள், நான் திருகாணி திருப்பினேன். அதே வகைப் பற்றரி வாங்கி மாற்றினோம். இன்று அது அம்மாவின் அறையில், மோடத்தின் அருகே நிற்கின்றது. மின் போகும்போது அது எழுப்பும் கீச்சொலி அம்மாவுக்குப் பிடிப்பதில்லை. "பல்லி சொல்லுது" என்பார். ஆனால் அந்தப் பல்லி சொல்லும்போதெல்லாம் அவரது தொலைபேசி வேலை செய்கின்றது.

அன்று அந்த மேசையில்தான் ஜாம் போத்தல் விளக்கின் கதையையும் டைனமோவின் கதையையும் அவளுக்கு முழுமையாகச் சொன்னேன். அதற்குமுன் நான் சொன்னபோதெல்லாம் அவை துயரக் கதைகளாகவே அவளுக்குக் கேட்டன. கையிற் கம்பியோடு கேட்டபோது அவை அறிவின் கதைகளாகக் கேட்டன. "மூண்டு வாற்றிலயா செய்தி கேட்டனீங்கள்?" என்று அவள் வியந்தது இன்னும் என் காதில் இருக்கின்றது.

பெற்றோரே, உங்கள் துணிச்சலைப் பிள்ளைகளின் கணக்கிற்கு உட்படுத்துங்கள். அதில் இழிவில்லை. பிள்ளைகளே, உங்கள் பெற்றோரின் பேஸ்மன்றில் கிடப்பவை எல்லாம் குப்பையுமல்ல, எல்லாம் புதையலுமல்ல. எது எதுவென்று அவர்களோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். அடுத்த பனிக்கட்டி மழை எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. அதற்குமுன் உங்கள் மாடியில் தனித்திருக்கும் முதியவர் ஒருவரின் கதவைத் தட்டி, "மின்சாரம் போனால் உங்கள் தொலைபேசி வேலை செய்யுமா?" என்று கேளுங்கள்.

செய்ய வேண்டிய வேலை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகின்றது.